பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை: ஆரணி மாணவர்களும் கல்லூரிக் கணக்கும்

"சார் போர்டுல போடும்போது நல்லாப் புரியுது, நாங்க போட்டா வரல." முதலாண்டு மாணவர் யாரிடமாவது கல்லூரிக் கணக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில் வந்துவிடும். ஆரணியில் கேட்டாலும் சேலத்தில் கேட்டாலும் வார்த்தை அதிகம் மாறாது. கேட்பவர்கள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் உழைப்பு போதாது என்கிறார், வீட்டில் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மாணவர் சாக்குச் சொல்லவில்லை, ஒன்றைச் சரியாகக் கவனித்துச் சொல்கிறார். ஒரு கணக்கு புரிவது ஒரு திறமை, அதைப் போட வருவது வேறொரு திறமை. பருவம் முழுக்க முதல் திறமைக்குப் பழகிவிட்டுக் கடைசியில் இரண்டாவதில் பரீட்சை எழுதுகிறார்கள். கற்றலைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியைப் பற்றியதுதான். அவற்றில் எவை ஆரணி போன்ற ஒரு நெசவு ஊரின் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்று பார்க்கலாம்.

முதலில் ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்குப் பட்டும் அரிசியும்தான் அடையாளம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குள்ளும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரத்திலும் தறி உள்ள வீடுகள் ஏராளம். கல்லூரிக்கும் குறைவில்லை. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கலை அறிவியல் படிப்பவர்கள் ஊரிலுள்ள கல்லூரிகளுக்கோ செய்யாறு, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கமோ பஸ் ஏறுகிறார்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. பட்டு வியாபாரத்தின் கூட்டல் கழித்தலைக் காகிதம் இல்லாமல் போடக்கூடிய அப்பாவுக்கும் பகுதி வகைக்கெழு என்றால் என்னவென்று தெரியாது.

பாடம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பொறியியல் முதல் பருவத்துக் கணக்குத் தாளின் பெயர் 'அணிகளும் நுண்கணிதமும்'. மாணவர்களுக்கு அது 'எம்-ஒன்'. அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகை நுண்கணிதம், பல்தொகைகள் என்று ஐந்து யூனிட். வாரத்துக்கு மூன்று பாட வகுப்பு, ஒரு டுடோரியல். பருவத்தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, பதினாறு மதிப்பெண் கேள்வி ஐந்து. பெரிய கேள்வி ஒவ்வொன்றும் ஒரு யூனிட்டிலிருந்து 'இது அல்லது அது' என்று வரும். இந்த அமைப்பே ஒரு குறுக்கு வழியைக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு யூனிட்டை அப்படியே விட்டுவிட்டால் நஷ்டம் இருபது மதிப்பெண், மூன்று யூனிட்டை நன்றாகப் படித்தால் கையில் அறுபது. விடுபடுவது பெரும்பாலும் கடைசி யூனிட், அதாவது பல்தொகைகள். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவருக்கு மின்காந்தப் புலப் பாடத்தில் அது திரும்பி வந்து நிற்கும். அப்போது அந்தப் பாடத்தின் ஆசிரியர், "இதெல்லாம் மேத்ஸ்ல முடிச்சிருப்பீங்க" என்று ஒரே வரியில் தாண்டிப் போவார்.

பள்ளியிலேயே விட்டுப்போன சங்கதி இன்னொன்று. எம்-ஒன் தாளின் அஸ்திவாரம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அணிகளும் அணிக்கோவைகளும், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017–18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வு வேண்டாம் என்றது. தேர்வு இருந்தாலும் போனாலும் கல்லூரியில் சேர்ந்ததும் முதல் இரண்டு வாரத்தில் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. பாடநூல் கழகம் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கும் அந்த இரண்டாம் தொகுதியை எடுத்து, ஒவ்வொரு பயிற்சியிலும் நான்கைந்து கணக்கைப் போட்டுப் பார்ப்பது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பயிற்சி எண்களும் கணக்குகளும் ஒன்றுதான் என்பதால் தனியாக அகராதி தேவைப்படாது. எம்-ஒன்னில் தவறுபவர்கள் பல பேருக்கு எம்-ஒன் தெரியாமல் இல்லை. முக்கோணவியல் சூத்திரமோ பகுதிப் பின்னமோ நடுவழியில் காலை வாரிவிடுகிறது.

இனி ஆய்வுகள். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் மாணவர்கள் கையாளும் பத்து படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது, வரிகளுக்கு மஞ்சள் மை பூசுவது, சுருக்கக் குறிப்பு எழுதுவது, அதாவது மாணவர்கள் அதிகம் செய்கிறவை எல்லாம் கடைசி வரிசைக்குப் போயின. முதல் வரிசையில் நின்றவை இரண்டே. ஒன்று, தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. மற்றது, பயிற்சியை நாட்கணக்கில் பரப்பிச் செய்வது. முதலாவதற்கு நல்ல உதாரணம் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை. ஒரு பகுதியைச் சிலர் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கே முன்னிலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம், படித்தவர்கள் 40. பரீட்சைக்கு முந்தைய இரவுப் படிப்பு ஏன் பலிப்பதுபோல் தெரிகிறது, அடுத்த பருவத்தில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்ற இரண்டு கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அது உரைநடைப் பகுதியை வைத்து நடந்த பரிசோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்குக்கென்று வந்தது அதைவிட சுவாரசியமானது.

2007இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கல்லூரி மாணவர்களுக்கு அதிகம் கேள்விப்படாத சில கனவடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வடிவத்தை முடித்துவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு எல்லா வடிவங்களின் கணக்குகளையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வரிசையாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், கலந்து போட்டவர்கள் 63இல் நின்றார்கள். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நம் ஊர்க் கணக்கு நோட்டைத் திறந்தால் அது சொல்வது கண்ணில் படும்.

நோட்டில் 'பகுதித் தொகையிடல்' என்று தலைப்பு இருக்கும், கீழே பத்து கணக்கு. அடுத்த தலைப்பு 'பிரதியிடல்', கீழே பத்து. எந்த முறையைப் போட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுவதால் மாணவர் அதை யோசிக்க ஒரு தடவைகூட வாய்ப்பில்லை. கேள்வித்தாளில் தலைப்பு இருக்காது. எக்ஸை இ-யின் அடுக்கு எக்ஸால் பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல். அந்த அடுக்கில் எக்ஸுக்குப் பதில் எக்ஸ் ஸ்கொயர் என்று இருந்தால் பிரதியிடல், இரண்டே வரியில் முடியும். முன்னால் நிற்கும் எக்ஸையும் எடுத்துவிட்டால் நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு விடை எழுதவே முடியாது. மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்கும் கண் வர வேண்டுமானால் மூன்றையும் கலந்து, முறையின் பெயர் இல்லாமல் பார்த்திருக்க வேண்டும். இதற்குச் செலவே கிடையாது. நோட்டின் வெவ்வேறு தலைப்புகளிலிருந்து இருபது கணக்குகளின் கேள்வியை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டால் போதும். முதல் நாள் அசிங்கமாகத்தான் போகும். பயிற்சியில் தோற்பது வாரம் கழித்துப் பலன் தரும் என்று நம்புவது லேசில்லை. 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் நடந்த ஓர் ஆய்வில், தாமே போட்டுப் படித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் நேர்த்தியான விரிவுரை கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது. பரீட்சைக்கு முதல் நாள் யூடியூப்பில் தமிழ் விளக்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் திருப்தியும் அதே ரகம்.

அப்படியானால் எடுத்த எடுப்பிலேயே கணக்கில் குதிக்க வேண்டுமா? வேண்டாம். இந்த இடத்தில் ஆய்வுகள் கொஞ்சம் எதிர்த்திசையில் பேசுகின்றன. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் காட்டியது இது: இயற்கணிதத்தைப் புதிதாகக் கற்பவருக்கு, தானே முட்டிமோதுவதைவிட, போட்டு முடித்த எடுத்துக்காட்டுகளைப் படிப்பது அதிகப் பயன் தருகிறது. பழகிய பிறகு அதே எடுத்துக்காட்டுகள் உதவுவது நின்று பாரமாகிவிடும். தமிழ்நாட்டில் போட்டு முடித்த கணக்குக்குப் பஞ்சமே இல்லை. பி.எஸ்ஸி. கணக்குக்கு நாராயணன் – மாணிக்கவாசகம் பிள்ளை, பொறியியலுக்கு வீரராஜன், பாலாஜி என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் புத்தகங்கள் அவற்றால் நிரம்பியவை. மாணவர்கள் அவற்றை நோட்டில் காப்பி செய்கிறார்கள் என்பதுதான் கோளாறு. மிச்செலின் சீயும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகக் கற்றவர்கள் எடுத்துக்காட்டின் ஒவ்வொரு வரியிலும் நின்று 'இது எங்கிருந்து வந்தது' என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டது தெரிந்தது. ஒரு வெள்ளைத்தாளால் அடுத்த வரியை மறைத்துக்கொண்டு, அதை நாமே எழுதி, பிறகு தாளை இறக்கிச் சரிபார்த்தால் அந்த விளக்கம் தானாக நடந்துவிடும். வாயால் தமிழில் சொல்லிக்கொண்டு கையால் குறியீட்டில் எழுதுவது தமிழ்வழியில் வந்தவர்களுக்கு ஒத்துவரும். யாரும் அதற்கு மார்க் குறைக்கப் போவதில்லை.

ஒரு கணக்கையாவது கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று. முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலைவிட்டத்தின் கூடுதல் 7, அணிக்கோவை 12 கழித்தல் 2, அதாவது 10. லாம்டா ஸ்கொயர் கழித்தல் 7 லாம்டா கூட்டல் 10 சமம் பூஜ்ஜியம் என்ற சமன்பாட்டின் மூலங்கள் 5, 2. கூட்டினால் 7, பெருக்கினால் 10. சரி. கழித்தலில் குறி மாறி 14 என்று எழுதியிருந்தால் மூலங்கள் மெய்யெண்ணாகவே வராது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்து ஐகன் வெக்டர். மதிப்பு 5க்கு இரண்டு உறுப்பும் 1, 1 என்று வரும். சரிபார்க்க அணியால் பெருக்கினால் 4 கூட்டல் 1 ஐந்து, 2 கூட்டல் 3 ஐந்து, இரண்டுமே ஐந்து மடங்கு. தவறான மதிப்பை வைத்திருந்தால் பூஜ்ஜிய வெக்டர் மட்டுமே கிடைக்கும். பல பேர் அதையே விடை என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறார்கள். பூஜ்ஜிய வெக்டரை ஐகன் வெக்டராக ஏற்பதில்லை என்ற வரையறை அவர்களுக்குத் தெரியும், இரண்டு மதிப்பெண் கேள்வியில் பிழையில்லாமல் எழுதுவார்கள். பதினாறு மதிப்பெண் கணக்கின் நடுவே அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இந்தச் சரிபார்ப்புகளுக்கு மொத்தமாக ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் நம் மாணவர்கள் கணக்கு முடிந்ததும் புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்துத்தான் சரியா தவறா என்று தெரிந்துகொள்கிறார்கள். பரீட்சை ஹாலில் பின்பக்கம் கிடையாது. தறியில் அறுந்த இழையை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டால் முடிச்சுப் போட்டுப் போய்விடலாம், நாலு விரற்கடை தாண்டிவிட்டால் நெய்ததைப் பிரிக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று அணியில் இது இன்னும் பொருந்தும். கேசியோ 991 கால்குலேட்டர் முப்படிச் சமன்பாட்டின் மூலங்களை நொடியில் கொடுத்துவிடும். நீங்கள் உள்ளே கொடுத்த எண் தவறு என்று அது சொல்லாது. தேர்வுக் கணக்குகளின் மூலங்கள் அநேகமாக முழு எண்களாகவே இருக்கும், தசமம் நீண்டுகொண்டே போனால் மேலே போய்ப் பார்ப்பது நல்லது.

நேரம் என்ற விஷயத்துக்கு வருவோம். படிப்பு முறை பற்றிய அறிவுரைகளில் எனக்கு ஒட்டாத ஒன்று உண்டு. தனியறை, மேசை நாற்காலி, தொந்தரவு இல்லாத மூன்று மணி நேரம் என்று தொடங்குவார்கள். குழித்தறி வீட்டின் முன்கட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜக்கார்டு பெட்டி மேலே ஏறி இறங்கும் சத்தமும் நாடா இங்கும் அங்கும் போய்வரும் சத்தமும் விடியலிலேயே தொடங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றித் தறியில் உட்காரும் வீட்டில் பிள்ளை ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். புதுப் பாவு ஏற்றி இழை பிணைக்கும் நாளில் எல்லோர் கையும் வேண்டும். தை முகூர்த்தத்துக்கான சேலைகள் தறியில் இருக்கும் மாதங்களில்தான் முதல் பருவத் தேர்வும் வருகிறது. தொடர்ந்து மூன்று மணி நேரம் என்பது அந்த வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகுதான் சாத்தியம்.

நல்ல வேளையாக, அந்த மூன்று மணி நேரத்தை ஆய்வுகளும் கேட்கவில்லை. மொத்த நேரம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது அதிகம் நிலைக்கிறது என்பது எபிங்ஹவுஸ் 1885இல் எழுதிய காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. கணக்குக்கென்று பாரிக்கும் ஹாலும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதன் நீளமான சாட்சி. பள்ளியில் இயற்கணிதம் படித்த 1,700க்கும் மேற்பட்டவர்களை, சிலரை ஐம்பது ஆண்டு கழித்து, சோதித்துப் பார்த்தார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியும் அத்தோடு கணக்கை விட்டவர்களிடம் அது கரைந்துபோயிருந்தது. நுண்கணிதத்தையும் தாண்டிப் படித்தவர்களிடம், அதாவது இயற்கணிதத்தை வருடக்கணக்கில் புழங்கியவர்களிடம், ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிலைத்ததற்குக் காரணம் மதிப்பெண்ணைவிடப் பழக்கத்தின் நீளம்தான். தார் சுற்றி முடித்த பிறகு இருபது நிமிடம், தேவிகாபுரம் பஸ்ஸில் கால் மணி நேரம், காலையில் தறி தொடங்குமுன் ஒரு கணக்கு என்று சிதறிக்கிடக்கும் நேரம் இந்த வகைப் படிப்புக்கு ஏற்றதுதான். அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும், நோட்டைப் புரட்டித் தேடுவதற்கே கால் மணி போய்விடக் கூடாது. குலுக்கிப்போட்ட துண்டுச் சீட்டு இங்கே உதவும். சட்டைப் பையில் நான்கு சீட்டு இருந்தால் பஸ்ஸில் கணக்கை முழுக்கப் போட வேண்டாம், எந்த முறை, முதல் வரி என்ன என்று யோசித்தாலே போதும். ராட்டை முன்னால் உட்கார்ந்தபடி கையால் எழுத முடியாது, மனசால் அந்த முதல் வரியைத் தேடலாம்.

முழுக் கணக்கையும் உட்கார்ந்து போட வேண்டிய நேரமும் உண்டுதான். பதினாறு மதிப்பெண் கணக்கைக் கடிகாரம் வைத்து ஒரே இருப்பில் எழுதிப் பழகாதவருக்குத் தேர்வில் கை ஓடாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமையோ கல்லூரி நூலகமோதான் வழி. ஆலன் ஷோன்ஃபெல்ட் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வீட்டுக் கணக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார், சராசரிப் பதில் இரண்டு நிமிடம். எவ்வளவு நேரம் வராவிட்டால் அந்தக் கணக்கு முடியாதது என்று விடுவீர்கள் என்று கேட்டதற்குச் சராசரி பன்னிரண்டு நிமிடம். நம் பிள்ளைகளிடம் கேட்டால் பன்னிரண்டு வரை போகுமா என்பது சந்தேகம், அதற்குள் பதில் நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடும்.

கூட்டுப் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது யூரி ட்ரைஸ்மேனை விட்டுவிட முடியாது. 1970களில் பெர்க்லியில் நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தவறினார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவை: ஆர்வமில்லை, பள்ளி அஸ்திவாரம் சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை. ட்ரைஸ்மேன் இரண்டு பக்கத்திலும் இருபது இருபது பேரைக் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் நேர்மையாக, தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை ஒருவர் பிடித்தார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு எது என்றும் அவர்களுக்குத் தெரிந்தது, தனியாகப் படித்தவர் அந்தக் கணக்கைத் தன் முட்டாள்தனம் என்று நினைத்துக்கொண்டார். ட்ரைஸ்மேன் தொடங்கிய பட்டறையில் பின்தங்கியவர்களுக்கான எளிய பாடம் எதுவும் இல்லை, வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைத்தார்கள். தவறுபவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஆரணியில் இதற்கு இடைஞ்சல் பஸ். கடைசி வகுப்பு முடிந்ததும் போளூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் போக வேண்டியவர்கள் ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். விடுதியில் தங்கியிருப்பவருக்கு மட்டும் கூட்டுப் படிப்பு தானாகக் கிடைக்கிறது. மற்றவர்களின் கூட்டம் வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே பரிமாறப்படுவது முடிந்த விடைகளின் படம். அதையே கொஞ்சம் மாற்றினால் ட்ரைஸ்மேன் பார்த்தது நடக்கும். இரவு ஒன்பது மணிக்குள் நாலு பேரும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டுப் படம் அனுப்புவது, விடை மாறினால் எந்த வரியில் மாறியது என்று தேடுவது. நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஐம்பது பேர் குழுவில் யாரும் தன் தவறான விடையைக் காட்டமாட்டார்கள்.

இப்படிச் சேர்ந்து படித்தவர்களுக்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. எம்.எஸ். நரசிம்மன் 1932இல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில் பிறந்தவர். ஆரணியும் அப்போது அதே மாவட்டம். கிராமத்துப் பள்ளியில் படித்துவிட்டுச் சென்னை லயோலா கல்லூரிக்குப் போனார். அங்கே பாதிரியார் சார்லஸ் ரசீன், எலீ கார்த்தானிடம் முனைவர் பட்டம் வாங்கிய பிரெஞ்சுக்காரர், பாடத்திட்டத்தைத் தாண்டி நவீன கணிதப் புத்தகங்களை மாணவர்கள் தாமே படிக்கும்படி தூண்டிக்கொண்டிருந்தார். நரசிம்மனும் அங்கே படித்த சி.எஸ். சேஷாத்ரியும் 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். அங்கே வெளிநாட்டு அறிஞர்கள் வந்து நடத்தும் பாடங்களை ஆராய்ச்சி மாணவர்கள் குறிப்பெடுத்து, விட்டுப்போன படிகளை நிரப்பி, புத்தகமாக எழுதிக்கொடுக்க வேண்டும். லோரான் ஷ்வார்ட்ஸின் ஒரு பாடத்தொகுதி 1955இல் வந்தபோது அதன் குறிப்புகள் நரசிம்மனுடையவை. 1965இல் வந்த நரசிம்மன் – சேஷாத்ரி தேற்றத்தை உலகம் அறியும். கேட்ட பாடத்தைத் தன் சொல்லில் முழுதாக எழுதிவைக்கும் அந்த வழக்கம் எம்-ஒன் மாணவருக்கும் கைக்கெட்டியதுதான். நோட்டில் காப்பி செய்வதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், போர்டில் ஆசிரியர் வாயால் சொல்லி எழுதாமல் விட்ட படிகளை நீங்கள் எழுத வேண்டியிருக்கும் என்பதுதான்.

ராமானுஜனை உதாரணம் காட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கார் எழுதிய சூத்திரத் தொகுப்பைப் பதினாறாவது வயதில் எடுத்துக்கொண்டு, நிரூபணம் இல்லாத முடிவுகளைப் பலகையில் தானே போட்டுப் பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறவே இல்லை, கும்பகோணத்தில் கிடைத்த உதவித்தொகையும் போயிற்று. கணக்கில் அவருக்குக் குறைவில்லை, மற்றப் பாடங்கள் கவிழ்த்தன. ஆறு தாள் எழுத வேண்டிய பிள்ளையிடம் அவரை முன்மாதிரியாக நிறுத்துவது ஆபத்தான யோசனை.

அரியர் விஷயத்தையும் பேசாமல் முடியாது. தேர்வுக்கு முந்தைய வாரப் படிப்பு முட்டாள்தனமென்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். பழைய கேள்வித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை 'இம்பார்டன்ட்' என்று ஜெராக்ஸ் எடுத்துப் படித்து எத்தனையோ பேர் பாஸ் ஆகிறார்கள். பாஸ் மட்டும் வேண்டுமென்றால் அது கணக்குப் பார்த்துச் செய்த காரியம்தான். மூன்று பருவத்துக் கணக்கையும் அப்படியே தாண்டியவர் நான்காவதில் நிற்கும்போதுதான் விலை தெரியும். 2020 ஆகஸ்டில், கொரோனா சமயத்தில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எழுதாமலே தேர்ச்சி என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது ஊர் ஊராக நன்றிச் சுவரொட்டி ஒட்டினார்கள், விவகாரம் பிறகு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அரியர் மாணவருக்கென்று தனியே வகுப்பு நடத்தும் வழக்கம் எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது என்று அவர்கள் கேட்டிருக்கலாம். எம்-ஒன் தவறியவர் இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும் படித்துக்கொண்டே, ஆசிரியர் இல்லாமல், பழைய தாளைத் தனியாகப் படித்து எழுதுகிறார். ஒரு முறை தோற்ற அதே முறையில், இன்னும் குறைந்த நேரத்தில்.

மாணவர் பழக்கத்தை மட்டும் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 2014இல் அறிவியல், கணித, பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தவறியவர்கள் 33.8 சதவீதம், மாணவர்கள் வகுப்பிலேயே செய்து பழகியவற்றில் 21.8. இங்கே அதற்கான நேரத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு டுடோரியல் வகுப்பு கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. போர்ஷன் முடியவில்லை என்ற அவசரத்தில் அது இன்னொரு விரிவுரையாகிவிடுகிறது. பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பெண்ணும், வீட்டுக்குப் போனதும் தறியில் உட்கார வேண்டிய பையனும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடக் கிடைக்கும் நேரம் வாரத்தில் அந்த ஒன்றுதான். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பில்லாத மூன்று கணக்கைக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாக நடந்து பார்த்தால் போதும். துறைத்தலைவர் போர்ஷன் எங்கே நிற்கிறது என்று கேட்பார், அதற்கு ஒரு பதிலை ஆசிரியர் தயாராக வைத்திருக்க வேண்டும்.